தண்ணீர் இறைத்தவர் பெயர் என்ன? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் செங்கம் பக்கத்து நடுகற்களைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் கொட்டிவிட்டன. பாதி 'எங்க ஊர்லயும் ஒரு கல் இருக்கு' ரகம். மீதியில் தேறியவற்றுக்கு இந்த முறை பதில். ராசிபலன் கேட்டவர்கள் அடுத்த பக்கத்தைப் பாருங்கள், அது வேறு ஆள்.

பாடப் புத்தகத்தில் ராஜா, போர், கோயில், இவ்வளவுதான். சாதாரண ஜனங்களின் வாழ்க்கையையும் ஆராய்ச்சியில் கண்டுபிடிக்கிறோம் என்கிறார்கள். அந்த ஜனங்கள் எதையும் எழுதி வைக்கவில்லையே, அப்படியானால் இவர்கள் கதை கட்டுகிறார்களா?
– கல்லூரி மாணவி, குடியாத்தம்

சந்தேகம் நியாயமானதுதான், கதை கட்டுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று நம்ம பக்கத்துக் கல்வெட்டுகள் இரண்டை வைத்தே சொல்கிறேன்.

வந்தவாசிக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவில் உக்கல் என்று ஓர் ஊர். பழைய வட ஆற்காட்டு ஊர், இப்போது திருவண்ணாமலை மாவட்டம். அங்கே பெருமாள் கோயிலில் முதலாம் ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று. ஆவூரைச் சேர்ந்த கண்ணன் ஆரூரன் என்ற அரசுப் பணியாள் பெருவழி ஓரத்தில் கிணறு வெட்டி, தொட்டி கட்டி, தண்ணீர்ப் பந்தல் வைத்த கதை அதில் இருக்கிறது. அந்தக் கல்வெட்டின் நோக்கம் அவருடைய புண்ணியத்தை ஊருக்கு அறிவிப்பதும், அது தடையில்லாமல் நடக்க நிலத்தை ஒதுக்கி வைப்பதும்தான். ஆனால் செலவுக் கணக்கு எழுதித்தானே ஆகவேண்டும்? தொட்டிக்குத் தண்ணீர் இறைப்பவருக்கு இவ்வளவு நெல், பந்தலில் நின்று வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பவருக்கு இவ்வளவு, கலம் கொண்டுவந்து கொடுப்பவருக்கு இவ்வளவு என்று போகிறது. வெயிலில் ஏற்றம் இறைத்தவரின் பெயர் கல்லில் இல்லை, கூலி மட்டும் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சாலையோரத்தில் கூலிக்குத் தண்ணீர் இறைப்பது தனி வேலை, தண்ணீர் கொடுப்பது தனி வேலை, பானை கொடுப்பது இன்னொருவர் பிழைப்பு, எல்லாவற்றுக்கும் சம்பளம் நெல்லாகத்தான் என்பதெல்லாம் அந்த ஒரு கணக்கில் தெரிகிறது. கண்ணன் ஆரூரன் இதைச் சொல்ல நினைக்கவே இல்லை!

இன்னொன்று உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போய்விடக்கூடிய தூரம்தான். விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயில், சக ஆண்டு 1347, அதாவது கி.பி. 1425. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள் கூடி ஓர் உடன்படிக்கை எழுதியிருக்கிறார்கள். கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாளர் (குஜராத் பக்கத்து லாடர் என்கிறார்கள்) எல்லோரும் சேர்ந்துதான். இனிமேல் பெண்ணைக் கன்னிகாதானமாகத்தான் கொடுக்கவேண்டும், பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுத்தாலோ பொன் கொடுத்துப் பெண் எடுத்தாலோ ராஜதண்டனை உண்டு, பிராமணக் கூட்டத்துக்கும் வெளியே என்று அதில் இருக்கிறது. கீழே ஒப்பமிட்ட ஆண்களின் பெயர்கள்.

இதை 'ஆஹா, அந்தக் காலத்திலேயே சீர்திருத்தம்' என்று எழுதிப் பெருமைப்படுவது ஒரு வகை. கொஞ்சம் நின்று யோசித்தால் வேறு கேள்வி வரும். யாருமே செய்யாத காரியத்துக்கு யாராவது கூட்டம் போட்டுத் தடை விதிப்பார்களா? பொன் கைமாறியிருக்கிறது, நாலு மொழிக்காரரும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிற அளவுக்கு அது பரவியும் இருக்கிறது. அப்படிக் கொடுக்கப்பட்ட பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட அந்தக் கல்லில் வரவில்லை என்றாலும், அந்தக் கல்லே அவர்களால்தான் வந்தது.

எளியவர்களைத் தேடுகிற ஆராய்ச்சி பெரும்பாலும் இந்த மாதிரிதான் நடக்கிறது. யாரும் அவர்களுக்காக எழுதவில்லை, ஆனால் கூலி கொடுத்தபோது, தடை போட்டபோது, அபராதம் விதித்தபோது, வேறு வேலையாக எழுதியதில் அவர்கள் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். அதற்கு மேல் ஆராய்ச்சியாளர் போனால், 'அந்தப் பெண் அன்று இரவு அழுதாள்' என்று எழுதினால், அது கதை. நாவலுக்குச் சரி, ஆய்வேட்டில் அடித்துவிடுவார்கள்.

எங்கள் ஊர் எல்லையில் ஒரு வீரன் கல் இருக்கிறது. மஞ்சள் பூசி, எண்ணெய் ஊற்றிக் கும்பிடுகிறோம். எழுத்து இருந்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், இப்போது தெரியவில்லை. மியூசியத்தில் கொடுத்துவிடலாமா?
– ஆம்பூர் வாசகர்

அவசரப்படாதீர்கள். கும்பிடுகிற கல் என்பதால்தான் அது இன்னும் அங்கே நிற்கிறது. கும்பிடாத கல் எத்தனை ஏரிக்கரைப் படிக்கட்டாகவும் துவைக்கிற கல்லாகவும் போயிருக்கிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும். செங்கம் பக்கம் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் சாமியாகி நிற்கின்றன, ஊர் ஜனங்கள் காப்பாற்றியவைதான் அவை. தமிழ்நாடு தொல்லியல் துறை அந்தப் பகுதிக் கற்களைத் தேடித்தேடிப் படித்து, நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்று தொகுத்தது. அதற்கப்புறம்தான் பல்லவர் கால வரலாற்றில் மாடு மேய்க்கிறவர்களும் மாட்டைக் காத்துச் செத்தவர்களும் வரிசையாக வர ஆரம்பித்தார்கள்.

எனக்குப் பிடித்தது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆண்டு என்கிறது. கருந்தேவக்கத்தி என்ற இளைஞன் தன் எருமைகளை மீட்கிற சண்டையில் இறந்துபோனான். கல்லில் அவனோடு ஒரு நாயும் இருக்கிறது, அதற்கும் தனியாக எழுத்து இருக்கிறது. கோவிவன் என்னும் நாய் கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு என்று! அதே மகேந்திரவர்மன் மாமண்டூரிலும் மண்டகப்பட்டிலும் பாறையைக் குடைந்துகொண்டிருந்த காலம். அந்தக் குகைகளைக் குடைந்த கல்தச்சர்களின் பெயரைத் தேடிப் பாருங்கள், நாய்க்குக் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதில் நாயின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அந்த ஊர்க்காரர்கள் யாரை நினைத்து ஏங்கினார்களோ அவர்களை எழுதினார்கள், அரசனைக் கேட்டுக்கொண்டு எழுதவில்லை.

உங்கள் ஆம்பூரிலேயே பல்லவ அரசன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆண்டைச் சேர்ந்த இரண்டு நடுகற்கள் உண்டு. நுளம்பன் என்ற அரசனின் படை ஆம்பூர் மேல் வந்து மாட்டு மந்தையை ஓட்டிப் போனபோது அதை மீட்கப் போய் விழுந்தவர்களுக்கு வைத்தவை. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆம்பூர் எல்லை ஊர், மாடுதான் சொத்து, அந்தச் சொத்துக்கு எல்லைத் தாண்டிப் படையே வரும், இவ்வளவும் இரண்டு கல்லில்.

அதனால், கல்லை நகர்த்த வேண்டாம். அடுத்த திருவிழாவுக்கு முன் ஒருநாள் பூசாரியிடம் கேட்டு, எண்ணெய்ப் பிசுக்கை வெறும் தண்ணீரில் மெல்லக் கழுவிப் படம் எடுங்கள். கம்பித் தேய்ப்பான், ஆசிட், சிமெண்ட் பூச்சு, பெயின்ட் எதுவும் வேண்டவே வேண்டாம். எந்த மாதிரி படம் எடுப்பது என்று கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் சாதியார் இந்தப் பகுதியை ஆண்ட அரசர்கள் என்று நிரூபிக்கக் கல்வெட்டு கிடைக்குமா?
– பெயர் வேண்டாம், திருப்பத்தூர்

கிடைத்திருந்தால் உங்களுக்கு முன்னால் பத்துச் சங்கங்கள் பேனர் வைத்திருக்கும். நம் எல்லோருக்கும் எட்டுக் கொள்ளுப்பாட்டன் பாட்டிகளுக்கு மேல் போனால் ஒருவர் பெயரும் தெரியாது, ஆனால் எல்லோரும் அரசர் வீட்டுப் பிள்ளைகள்! உங்கள் அப்பாயியின் அம்மா பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தார், அதைக் கண்டுபிடியுங்கள் முதலில். அது இதைவிடக் கஷ்டமான வேலை.

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் 'நேட்டாலுக்குக் கரும்புக்குப் போனார், திரும்பவில்லை' என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். வேறு எந்தத் தகவலும் இல்லை. இப்படிப்பட்டவரைக் கண்டுபிடிக்க முடியுமா?
– ஆரணி வாசகர்

முடியும் என்று உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் மற்ற எல்லோரையும்விட உங்களுக்கு வாய்ப்பு அதிகம். இது கொஞ்சம் நீளமான பதில், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் மதராஸிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது, நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோன முதல் கப்பல் அதுதான். 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் அப்படிப் போனார்கள். மதராஸில் ஏறியவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் கணிசம். காரணங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. நிலமில்லாத கூலிகள் நிறைந்த மாவட்டம், மழை பொய்த்தால் பாலாறு வெறும் மணல், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-லேயே ரயில் வந்துவிட்டது, அதனால் ஏஜெண்டுக்கு ஆள் சேர்த்து, கப்பலேற்றும்வரை கூலிகளை வைத்திருந்த மதராஸ் டிப்போவில் கொண்டுபோய் விடுவதும் சுலபம். அப்புறம் 1876-லிருந்து 78 வரை தாது வருஷப் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்குப் போன ஆணுக்கு ஒருநாள் கூலி ஒரு பவுண்ட் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று, பஞ்சத்தைப் பார்க்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். அது உயிர் பிழைக்கவே போதாது என்று மதராஸ் மாகாணத்துச் சுகாதார ஆணையர் கார்னிஷ் மல்லுக்கு நின்றார். அந்த அதிகாரிகள் சண்டையில் எழுதிக் குவித்த கடிதங்களால்தான் நம் முன்னோர் என்ன தின்றார்கள், எவ்வளவு இளைத்தார்கள் என்பது இன்று நமக்குத் தெரிகிறது.

சரி, உங்கள் தாத்தா விஷயத்துக்கு வருவோம். நேட்டாலுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, கப்பல் பட்டியலில் பெயர், அப்பா பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் இருக்கிற அடையாளம் வரை எழுதினார்கள். வலது முழங்காலில் தழும்பு, இடது கையில் பச்சை குத்தியது, இப்படி. தோட்டத்திலிருந்து ஓடிப்போனால் பிடிக்கத்தான் அந்த அடையாளம், வரலாற்றுக்காக அல்ல! ஆனால் ஓடிப்போனவரைப் பிடிக்க எழுதிய குறிப்புதான் இன்று பேரன் பேத்திகளுக்குத் தாத்தாவைக் காட்டிக்கொடுக்கிறது. பட்டியல்கள் டர்பனில் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, கணினியிலும் ஏற்றியிருக்கிறார்கள். பிஜித் தீவுக்குப் போனவர்களுக்கு இதேபோல ஆளுக்கொரு குடியேற்றச் சீட்டு உண்டு. தென்னிந்தியர்கள் அங்கே போக ஆரம்பித்தது 1903-லிருந்து, அதிலும் வட ஆற்காடுதான் முன்னணி.

தேடும்போது சில தொல்லைகள். எழுதியவர் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியிருப்பார், முனுசாமி 'மூன்சாமி' ஆகியிருப்பார், அங்கே போனபின் முதலியார் 'மூட்லி' ஆகவும் கவுண்டர் 'கவெண்டர்' ஆகவும் மாறியிருப்பார்கள். ஊர் பெயரைப் பத்து விதமாக எழுதிப் பார்த்துத் தேடுங்கள். சாதிப் பத்தியை அப்படியே நம்பாதீர்கள், டிப்போவில் எதைச் சொன்னால் எடுப்பார்களோ அதைச் சொல்லி ஏறியவர்களும் உண்டு. அதனால் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது, அப்பா பெயரும் கிராமமும் சேர்ந்து பொருந்தவேண்டும். 'ஆரணி, வட ஆற்காடு, சின்னசாமி' என்று ஒருவர் கிடைத்தவுடன் கண்ணீர் விட்டுத் திதி கொடுத்துவிடாதீர்கள், ஆரணியில் சின்னசாமிக்கா பஞ்சம்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். உங்கள் வீட்டுக் கதையில் ஆண்தான் போனார். பட்டியல்களைப் பார்த்தால் பெண்களும் இருப்பார்கள், கையில் குழந்தையோடு, கணவன் பெயர் இல்லாமல். அவர்களைப் பற்றி ஊரில் யாரும் 'போனாள், திரும்பவில்லை' என்றுகூடச் சொல்லி வைக்கவில்லை. உங்கள் வீட்டில் இருக்கிற வயதானவர்களிடம் அதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

1806 வேலூர்ப் புரட்சியைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். புதிதாகச் சொல்ல இன்னும் என்ன இருக்கிறது?
– சைதாப்பேட்டை, வேலூர்

உங்கள் வீட்டிலிருந்து கோட்டைக்கு நடந்தே போய்விடலாம், போய் உள்ளே மகால்களைப் பாருங்கள். 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் சிப்பாய்கள் எழுந்தார்கள், புதிய தலைப்பாகையும் தாடி, நெற்றிக் குறி, கடுக்கன் மேல் போட்ட தடையும் காரணம், ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினார், இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம். அன்றைக்குக் கோட்டைக்குள் இருந்தவர்கள் சிப்பாய்களும் வெள்ளைக்காரர்களும் மட்டும்தானா?

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் திப்புவின் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள், அப்புறம் திப்பு வீட்டையும் ஹைதர் வீட்டையும் சேர்ந்த பெண்களும் வந்தார்கள். மனைவிகள், பாட்டும் ஆட்டமும் தெரிந்தவர்கள், பணிப்பெண்கள் என்று நூற்றுக்கணக்கானவர்கள். புரட்சிக்கு முந்தின நாள் ஜூலை 9, திப்புவின் மகளுக்குக் கல்யாணம். கல்யாணக் கூட்டம் புரட்சிக்கு வசதியாக இருந்தது என்று எல்லாப் புத்தகமும் எழுதும், ஆனால் மணப்பெண்ணைத் 'திப்புவின் மகள்' என்பதோடு விட்டுவிடும். புரட்சிக்குப் பிறகு ஆண் வாரிசுகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். திப்புவின் மனைவி பாதுஷா பேகம் இங்கேயேதான் இருந்து 1834-இல் இறந்தார், கல்லறையும் வேலூரில்தான்.

கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் அன்று கொல்லப்பட்டார், அவர் மனைவி அமீலியா குழந்தைகளோடு கோழிக்கூண்டில் ஒளிந்து பிழைத்தார். அவர் எழுதி வைத்த குறிப்பு அச்சில் கிடைக்கிறது, மணிக்கு மணி என்ன நடந்தது என்று படிக்கலாம். அவருக்கு எழுதத் தெரியும், எழுதியதை அச்சடிக்கவும் ஆள் இருந்தார்கள். சில நூறு கஜத்தில் மகாலுக்குள் இருந்த பெண்களும் அதே துப்பாக்கிச் சத்தத்தைத்தான் கேட்டார்கள், ஆனால் கும்பெனிக் காகிதத்தில் அவர்கள் வருவதெல்லாம் படிப்பணம் வாங்குகிறவர்களாக, செலவாக. அந்தச் செலவுக் கணக்கை ஒழுங்காகப் படித்தாலே யார் யாரோடு இருந்தார், யாருக்கு எவ்வளவு மதிப்பு, யாருக்கு எப்போது படியை வெட்டினார்கள் என்று ஒரு முழு வீடு எழுந்து வரும். இப்போது அந்தப் பக்கம் ஆராய்ச்சி நடக்கிறது, எனக்குச் சந்தோஷம்.

சதியை முன்கூட்டியே கும்பெனிக்காரர்களிடம் காட்டிக்கொடுத்த சிப்பாய் முஸ்தபா பேக்குக்கு வெகுமதியும் சுபேதார் ஓய்வூதியமும் கிடைத்தது கணக்கில் சுத்தமாக இருக்கிறது. கணக்கு எழுதுகிறவன் யாருக்குக் காசு கொடுத்தானோ அவனை மறக்கமாட்டான்.

பழைய காலத்துப் பெண்களில் ராணிகளையும் தேவரடியார்களையும் தவிர வேறு யாரையுமே கல்வெட்டில் காணோமே?
– ஆசிரியை, ஆற்காடு

ஆற்காட்டில் இருந்துகொண்டு நீங்கள் இப்படிக் கேட்கலாமா, டீச்சர்? பக்கத்தில் விளாப்பாக்கம் போங்கள். முதலாம் பராந்தகனின் 38ஆம் ஆண்டு, கி.பி. 945. திருப்பான்மலை அரிஷ்டநேமி படாரரின் மாணவி பட்டினிக் குரத்தியடிகள் என்ற சமணத் துறவி அங்கே கிணறு வெட்டிக் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது, பொறுப்பை ஊரின் இருபத்துநால்வர் என்ற சபையிடம் விட்டிருக்கிறார். திருப்பான்மலை என்பது இன்று பஞ்சபாண்டவமலை என்று பாண்டவர் கணக்கில் போய்விட்ட மலைதான். யாருக்கும் மகள், மனைவி என்று இல்லாமல் குருவின் மாணவி என்ற அடையாளத்தோடு ஒரு பெண், கையில் கிணறு வெட்டுகிற அளவுக்கு வசதி, ஊர்ச் சபையோடு பேசி ஏற்பாடு செய்கிற செல்வாக்கு.

இன்னும் பழையது வந்தவாசி பக்கத்து வேடல் கல்வெட்டு, முதலாம் ஆதித்தனின் 14ஆம் ஆண்டு. குணகீர்த்தி படாரரின் மாணவி கனகவீரக் குரத்தியாருக்கு ஒரு பெரிய மாணவியர் கூட்டமே இருந்தது. அங்கே இரண்டு தரப்புக்குள் தகராறு முற்றியிருக்கிறது, கடைசியில் ஊர்க்காரர்கள் 'இவர்களுக்குச் சோறும் பாதுகாப்பும் நாங்கள் பொறுப்பு' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தகராறு மட்டும் வரவில்லை என்றால் இத்தனை பெண்கள் வேடலில் வாழ்ந்தார்கள் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

தேவரடியார்களை நீங்கள் சட்டென்று தள்ளிவிட்டதும் எனக்கு ஒப்புதல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரையும், எந்தத் தெரு, எந்த வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று பெயரோடு வெட்டியிருக்கிறார்கள், ஆளுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல். அந்தக் கால விவசாயக் கூலிப் பெண்கள் நானூறு பேரின் பெயரை உங்களால் எங்கேயாவது காட்ட முடியுமா?

இதெல்லாம் தெரிந்து யாருக்கு என்ன லாபம்? அரிசி விலை குறையுமா?
– அரக்கோணம்

குறையாது.

வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது கறுப்பு சிவப்புப் பானைகளும் எலும்பும் வந்தன. மேஸ்திரி 'பாண்டவர் குழி, அபசகுனம், மூடிடலாம்' என்கிறார். என்ன செய்வது?
– திருப்பத்தூர் பக்கம் ஒரு கிராமம்

அபசகுனம் இல்லை, ஈமக்குழியாக இருக்கலாம். வேலையை அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள், தாசில்தாருக்கும் தொல்லியல் துறைக்கும் போகும். மண்ணுக்கடியில் கிடைத்த மதிப்புள்ள பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1878-லிருந்தே சட்டம் இருக்கிறது. நிலம் போய்விடும் என்று பயந்து இரவோடு இரவாக மூடுகிறவர்கள் அதிகம், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

முக்கியமாக, பானையைக் கழுவாதீர்கள்! உள்ளே இருக்கிற மண்ணைக் கொட்டாதீர்கள். உங்களுக்குக் குப்பையாகத் தெரிவதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1960களில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது புதிய கற்காலத்துக் குழி வீடுகளும் வழவழப்பான கல் கோடரிகளும் கிடைத்தன, கூடவே கருகிப்போன கொள்ளும் பச்சைப்பயறும். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ அடுப்பில் தவறவிட்ட பயறு அது. கருகியதால்தான் மக்காமல் நின்றது. இன்றைக்கும் அந்தப் பக்கத்து மானாவாரி நிலத்தில் கொள்ளு போடுகிறார்கள்.

எலும்பும் அப்படித்தான். பல் தேய்ந்திருப்பதை வைத்து என்ன தின்றார் என்றும், மூட்டு தேய்ந்திருப்பதை வைத்து என்ன சுமந்தார் என்றும் ஓரளவு சொல்லலாம். பல் எனாமல் சின்ன வயதில் உருவானபின் மாறாது, அந்த வயதில் குடித்த தண்ணீரும் தின்ற தானியமும் வந்த மண்ணின் ஸ்ட்ரான்சியம் அதில் தங்கிவிடும். அதனால் புதைத்த ஊரிலேயே வளர்ந்தவரா, வேறு ஊரிலிருந்து வந்தவரா என்றுகூடப் பார்க்க முடியும். நம்ம ஊர் வெயிலுக்கும் மண்ணுக்கும் எலும்பு நன்றாக நிற்பது அபூர்வம், உங்களுக்குக் கிடைத்திருப்பது அதனாலேயே முக்கியம். ஆக, மேஸ்திரிக்கு டீ வாங்கிக் கொடுத்து ஒரு வாரம் லீவு விடுங்கள்.

பாட்டி நாற்பது வருஷம் பீடி சுற்றினார். அவர் கதையை எழுத ஆசை. 'என்னத்த சொல்ல, கஷ்டந்தான்' என்பதோடு முடித்துவிடுகிறார்.
– குடியாத்தம் வாசகி

'உங்க வாழ்க்கை எப்படி இருந்துச்சு ஆயா?' என்று கேட்டிருப்பீர்கள், வேறு என்ன பதில் வரும்? சின்னதாகக் கேளுங்கள். ஆயிரம் பீடிக்கு முதன்முதலில் என்ன கூலி வாங்கினார், இலை யார் கொடுத்தது, எடை குறைந்தால் யார் தலையில் விழும், 'கழிவு' என்று எத்தனை பீடியைத் தள்ளினார்கள், கூலி வந்த அன்று வீட்டுக்கு என்ன வாங்கினார், முறத்தை மடியில் வைத்துச் சுற்றும்போது பக்கத்தில் யார் இருந்தார், என்ன பேசிக்கொண்டார்கள். பாஸ் புத்தகம், பழைய ரேஷன் கார்டு, அடகுச் சீட்டு எதுவும் டிரங்குப் பெட்டியில் இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள், ஞாபகம் தானாக வரும்.

வருஷம் கேட்டால் சொல்லமாட்டார். சம்பவம் கேளுங்கள். வாணியம்பாடியில் 1903-இல் பாலாற்று வெள்ளம் ஊரை அடித்துக்கொண்டு போனபின் இரண்டு தலைமுறைக்கு அந்தப் பக்கம் 'வெள்ளத்துக்கு முந்தி, வெள்ளத்துக்குப் பிந்தி' என்றுதான் வயது சொன்னார்கள். உங்கள் பாட்டிக்கும் அப்படி ஒன்று இருக்கும், எம்ஜிஆர் செத்த வருஷமோ, பெரியவன் பிறந்த வருஷமோ. கூலி பற்றி அவர் சொல்வதையும் பாஸ் புத்தகம் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பொருந்தாத இடத்தில் பாட்டியைத் திருத்தாதீர்கள், இரண்டையும் எழுதுங்கள். அவர் சொல்ல வேண்டாம் என்பதை எழுத வேண்டாம்.

கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொள்ள ஆசை. எங்கே ஆரம்பிப்பது? படித்தவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள்தானா?
– பாலிடெக்னிக் மாணவர், காட்பாடி

வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி 1890-இல் வந்தது, மேலே சொன்ன விரிஞ்சிபுரம் கல்வெட்டு அதில்தான் இருக்கிறது. ஆனால் அவரோடு வேலை செய்து பின்னால் அரசின் தலைமைக் கல்வெட்டாய்வாளராகவே ஆன வெங்கையா ஆரணி பக்கத்து வலையாத்தூர்க்காரர். இவர்கள் பெயராவது அட்டையில் இருக்கிறது. கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மை ஒற்றி மைப்படி எடுத்தவர்கள், சாரம் கட்டி விமானத்தில் தொங்கியவர்கள், அகழாய்வுக் குழியில் மண் சலிக்கிற பெண்கள், இவர்கள் பெயரை எந்த அறிக்கையிலும் தேடிப்பிடிப்பது சிரமம். காணாமல் போனவர்களைத் தேடுகிற துறையே தன் கூலிக்காரர்களை இப்படித்தான் நடத்தியிருக்கிறது. நீங்கள் நாளைக்கு அறிக்கை எழுதினால் முதல் பக்கத்தில் அவர்கள் பெயரைப் போடுங்கள், தம்பி.

ஆரம்பிக்க, வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் அங்கிருக்கும் நடுகற்கள் முன்னால் உட்காருங்கள். முதலில் பிற்காலச் சோழர், விஜயநகரத் தமிழ் எழுத்து, அது இன்றைய எழுத்துக்குக் கிட்டத்தில் இருக்கும். அப்புறம் பின்னோக்கிப் போய் வட்டெழுத்து. 'ஸ்வஸ்திஸ்ரீ' பிடிபட்டால் 'யாண்டு' பிடிபடும், அரசன் பெயர் பிடிபடும், பின்னாலேயே நிலமும் நெல்லும் வரும்.

படம் எடுக்க, எழுத்தின் மேல் கோதுமை மாவோ சாக்பொடியோ தடவாதீர்கள், கல் பாழாகும். மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போதோ, இருட்டியபின் டார்ச்சைக் கல்லுக்கு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்தோ எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தெல்லாம் எழும். பக்கத்தில் ஸ்கேல் ஒன்று வையுங்கள். ஆம்பூர்க்காரருக்கும் இதேதான். எங்களுக்கு அனுப்பும்போது ஊர், தாலுகா, கல் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று எழுதி அனுப்பவும், வெறும் படம் மட்டும் வந்தால் நாங்களும் அந்த டிப்போ குமாஸ்தா மாதிரி ஊர் பெயரைத் தப்பாகப் போட்டுவிடுவோம்.